ஆலைமேட்டுக்கு ஏறிய பாட்டு வகுப்பு

பிச்சைமுத்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டில் ரயிலேறி ஈப்போவுக்கு வருவார். மிஷன் பெண்கள் பள்ளியின் விடுதிக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் நின்றுகொள்வார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று காவற்காரர் எத்தனை முறை சொன்னாலும் கேட்டைத் தாண்டமாட்டார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைப்பார், மறுபடியும் கட்டிக்கொள்வார், மகள் வரும்வரை நின்றபடியே இருப்பார்.

மகளின் பெயர் இருளாயி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு தோட்டங்களை வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சலில் அவளுடைய தாய் இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. மிஷன் ஆட்கள் வந்து தாயில்லாத பிள்ளைகள் நால்வரை ஈப்போவுக்கு அழைத்துப் போனார்கள். மற்ற மூவரும் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். இருளாயி மட்டும் ஏழாம் வகுப்பு வரை படித்து முடித்தாள்.

பிச்சைமுத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். அதோடு தப்பு அடிப்பவரும் அவர்தான். வளைத்த மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டிய அந்தக் கொட்டுதான் விடியலில் ஆட்களை எழுப்பிப் பேர் கூப்பிடும் களத்துக்கு வரவைக்கும். இருளாயி நடக்கத் தொடங்கிய வயதிலேயே அதன்மேல் குச்சி வைத்து விளையாடியவள். ஆனால் ஈப்போவில் அந்தக் கொட்டை அடிப்பவரின் மகள் என்றால் கூடப் படிக்கும் பெண்கள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வயதில், மரத்தடியில், அப்பா புதுத்தோல் கட்டிய கதையை ஆரம்பித்தபோது பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு வியர்த்துவிட்டது.

“அந்தத் தோலு, குச்சி, அதெல்லாம் இங்க வந்து பேசாதீங்கப்பா,” என்றாள். “யாராச்சும் கேட்டா நான் இங்க இருக்க முடியாது.”

பிச்சைமுத்து தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் கொட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, நான்கு வருஷம். இருபத்தாறாம் ஆண்டுக் கடைசியில் பேராக் மாநிலம் முழுதும் வெள்ளம் வந்தபோதுகூட, அடுத்த முறை வந்து, “தண்ணி வந்துச்சு, வடிஞ்சிருச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் சொல்லப் போனால் கொட்டைப் பற்றியும் சொல்லவேண்டி வரும் என்பதால் நிறுத்திக்கொண்டார் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

இருளாயிக்கு இப்போது இருபது வயது. பகலில் சின்ன வகுப்புகளுக்குத் துணையாக நிற்பாள். சனிக்கிழமைகளில் ஆசிரியப் பயிற்சி வகுப்புக்குப் போவாள். நார்மல் கிளாஸ் என்று சொல்வார்கள். அங்கே பாட்டு ஆசிரியைக்கான பாடத்தை எடுத்தவர்கள் நான்கு பேர்தான். அவள் குரல் பெரிதில்லை, ஆனால் சுருதி விலகாது. சுவரில் தொங்கும் சுரப்படத்தில் குச்சி எந்த எழுத்தைத் தொட்டாலும் டோ, ரே, மீ என்று நேராகப் போய் அந்த இடத்தில் நிற்பாள். நவம்பரில் பரீட்சை. தேறினால் அதே பள்ளியில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் டிசம்பரோடு விடுதியில் இடமில்லை என்று பெரிய டீச்சர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். வேறு இடம் என்று பார்த்தால் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் அப்பாவின் வீடு ஒன்றுதான். அங்கே போனால் மறுவாரமே கையில் பால்வெட்டும் கத்தி ஏறிவிடும். அந்த நினைப்பு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

பாட்டு வகுப்பை நடத்தியவரும் பரீட்சை வைப்பவரும் பூபாலசிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பார். அவருடைய பரீட்சைத்தாளில் மூன்று தலைப்புகள் இருந்தன: சுருதி, தாளம், பிள்ளைகளை அறிதல். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தத்தில் பதினெட்டு வேண்டும். எதிலும் நான்குக்குக் குறையக் கூடாது. ஈப்போப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்கள் என்பதால், இந்த முறை ஒவ்வொருவரும் பாட்டே படிக்காத பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்திக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார். எந்த இடம் என்று அவர்களே சொல்லலாம்.

இருளாயி எழுந்து நின்று தன் அப்பா வேலை செய்யும் தோட்டத்தைச் சொன்னாள். இரண்டு பாலங்களுக்கு நடுவில் இருப்பதால் ஆட்கள் அதை ரெட்டைப்பாலத் தோட்டம் என்பார்கள். அங்கே நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். தகரக்கூரை, பாதிச் சுவர், ஒரே வகுப்பு.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி சந்திரமதி வாயைப் பொத்திச் சிரித்தாள். அவளுடைய தகப்பனார் ரயில்வேயில் கிளார்க். கெட்ட பெண்ணல்ல, வாய்தான் நிற்காது.

“தோட்டத்துப் பிள்ளையளுக்கு டோ ரே மீயோ? அதுகள் பால்வாளியிலைதான் தாளம் போடுங்கள்.”

இருளாயிக்குக் காது சுட்டது. “அந்தப் பிள்ளைங்கள எனக்குத் தெரியும் சார்,” என்றாள், சந்திரமதியைப் பார்க்காமல்.

“நல்லாய்த் தெரியுமோ?” என்று கேட்டார் மாஸ்டர்.

“நல்லாத் தெரியும் சார்.”

அவர் அதைத் தன் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார்.

*

பரீட்சை நாளன்று முதல் ரயிலில் இருளாயியும் மாஸ்டரும் போய் இறங்கினார்கள். மாஸ்டருக்குக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, மாட்டுவண்டி அனுப்பியிருந்தார். ஒரு வாரமாக மலைப்பக்கம் மழை. பாலத்தைத் தாண்டும்போது ஆறு செம்மண் நிறத்தில், கரையை உரசிக்கொண்டு ஓடியது. வண்டிக்காரர் மாட்டைத் தட்டாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். இருளாயி அதைக் கவனித்தாள், ஆனால் அவள் மனம் முழுதும் கைப்பையில் இருந்த, தட்டிச் சுருதி பிடிக்கும் இரும்புக் கவையிலும் சுருட்டி வைத்த சுரப்படத்திலும் இருந்தது. பத்து வருஷத்தில் அவள் இந்தத் தோட்டத்துக்கு வந்தது மூன்று முறை. வெள்ளத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

ஆட்கள் எல்லோரும் ரப்பர் காட்டில் இருந்தார்கள். அப்பாவும்தான். மரப்பட்டையை வெட்டிவிட்டு, கோப்பைகளில் பால் நிறைவதற்காகக் காத்திருந்து, பிறகு வாளியில் சேர்க்கும் நேரம். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக வரும் வாத்தியாரைக் கிராணி அன்று ஆபீசுக்கு அழைத்துக்கொண்டார். மாஸ்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, கடிகாரத்தைத் திறந்து மடியில் வைத்தார்.

இருளாயி கவையை மேசையில் தட்டிக் காதருகே பிடித்துக் காட்டியதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இரும்பு பாடுகிறது என்று ஒரு குட்டி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவர்கள் அவள் பக்கம் வந்துவிட்டார்கள். டோ பிடித்தார்கள், மீ பிடித்தார்கள், இரண்டுக்கும் நடுவில் தடுமாறி ரே பிடித்தார்கள். முன்வரிசையில் இருந்த காளியம்மா என்ற பத்து வயதுப் பெண் மற்றவர்களுக்கு முன்னால் போய் எட்டிப் பிடித்தாள். பத்து நிமிஷத்தில் இருளாயி தானே எழுதி மெட்டுப் போட்ட இரண்டு வரி அவர்கள் வாயில் வந்துவிட்டது.

ஈப்போ போகும் ரயிலே நில்,
எங்களையும் நீ ஏற்றிச் செல்.

மாஸ்டரின் பேனா ஒரு முறை அசைந்தது. சுருதி முடிந்தது. இனி தாளம்.

அங்கேதான் எல்லாம் கலைந்தது. அவள் கை தட்டினாள். பிள்ளைகளும் தட்டினார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கம். சிலர் வரி முடிந்த பிறகும் தட்டினார்கள். கடைசி வரிசையில் இருவர் ஒருவர் கையில் ஒருவர் தட்டி விளையாடத் தொடங்கினார்கள். நான்கு என்று எண்ணச் சொன்னாள். எண்ணினால் பாட்டை மறந்தார்கள், பாடினால் எண்ணிக்கையை மறந்தார்கள். கூரையில் தூறல் வேறு விழ ஆரம்பித்து அவள் கைத்தட்டலை விழுங்கியது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிஷம் போய்விட்டது. டிசம்பர், விடுதி, பெரிய டீச்சரின் கடிதம், கத்தி, எல்லாம் ஒன்றாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். கரும்பலகைக்கு மேலே, ஆணியில், அப்பாவின் தப்பு தொங்கியது. குச்சிகள் இரண்டும் கயிற்றில் செருகியிருந்தன. களத்தில் இருக்கவேண்டியது இங்கே ஏன் தொங்குகிறது என்ற கேள்வி அவளுக்கு எழவே இல்லை. மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று அப்பா மாட்டியிருப்பார் என்று எடுத்துக்கொண்டாள். அவள் நினைத்தது ஒன்றுதான்: இந்தச் சத்தத்தை மழை விழுங்காது.

நாற்காலியில் ஏறி அதை எடுத்தாள். அறை சட்டென்று அமைதியானது. காளியம்மா எழுந்து நின்றாள்.

“அக்கா, அத எடுக்கக் கூடாது.”

இருளாயியின் கை நின்றது. அந்த வார்த்தை அவளுக்குப் புதிதல்ல. பெண்பிள்ளை தொடக்கூடாது, படித்தவள் தொடக்கூடாது, டீச்சர் தொடக்கூடாது. பத்து வருஷமாக அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு வந்ததுதான். அதை ஒரு சின்னப் பெண் வாயிலிருந்து, அதுவும் மாஸ்டர் முன்னால் கேட்டபோது, வெட்கத்துக்குப் பதிலாக அவளுக்குக் கோபம் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற அப்பாவின் முகமும் நினைவுக்கு வந்தது.

“ஏன் கூடாது? எங்கப்பா கொட்டு இது. நான் அடிப்பேன். நீ உக்காரு.”

தோளில் மாட்டி, இடக்கையில் மெல்லிய குச்சியும் வலக்கையில் தடித்த குச்சியும் பிடித்து, நான்கு எண்ணி அடித்தாள். கை எதையும் மறந்திருக்கவில்லை.

பிள்ளைகள் எழுந்தார்கள். யாரும் சொல்லாமல் பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்து இரண்டிரண்டாக நின்றார்கள். காளியம்மா முதல் ஜோடி. இடது, வலது, இடது, வலது என்று இருபத்திரண்டு ஜோடிப் பாதங்களில் ஒன்றுகூடப் பிசகாமல் அடிக்கு அடி நடந்தார்கள். இருளாயிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனை நேரம் தொண்டை வற்றக் கத்தியும் வராதது, ஒரு கொட்டுக்கு வந்துவிட்டதே. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் பேனாவை எடுத்து ஓர் எண்ணை எழுதி, கீழே கோடும் போட்டார்.

பாட வேண்டும் என்று அவள் தலையை ஆட்டிக் காட்டினாள். யாரும் பாடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார்கள். வாசலைத் தாண்டினார்கள். தாண்டியவர்கள் நிற்கவில்லை. தூறலில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி, ரப்பர் ஆலை இருக்கும் மேட்டுப் பாதையில் ஏறினார்கள். அவள் அடித்துக்கொண்டே பின்னால் போனாள். பாதி மேட்டில் கடைசி ஜோடியில் இருந்த குட்டிப்பெண் திரும்பிப் பார்த்தது. அதன் முகம் வெளுத்திருந்தது. உதடு துடித்தது. அழுகிறது, ஆனால் கால் தவறவில்லை.

பாட்டுக்கு யாரும் இப்படி அழமாட்டார்கள் என்று இருளாயிக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாக நின்றது.

அந்த அமைதியில், ரப்பர் மரங்களுக்கு உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. ஒரு பக்கத்திலிருந்து அல்ல, எல்லாப் பக்கத்திலிருந்தும். ஆட்கள் ஓடிவந்தார்கள். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கிய வாளிகளோடு சிலர், வாளியை எறிந்துவிட்டுச் சிலர், கால்சட்டையிலும் சேலையிலும் பால் வழிய. பெண்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அலறினார்கள். எல்லோருக்கும் முன்னால் கத்தியோடு பிச்சைமுத்து வந்தார். அவர் முதலில் ஆற்றைப் பார்த்தார். பிறகு மேட்டில் ஏறும் வரிசையை விரலால் எண்ணினார். அதன் பிறகுதான் மகளின் தோளில் கொட்டைப் பார்த்தார்.

“தண்ணி எங்கம்மா?” என்று கேட்டார்.



*

நடந்தது என்ன என்று அவளுக்குச் சொன்னவள் ராக்காயி, காளியம்மாவின் தாய். சொன்னாள் என்பதைவிட முகத்தில் எறிந்தாள் என்பது சரி. இருபத்தாறாம் ஆண்டு வெள்ளம் பகலில் வந்தது. ஆட்கள் காட்டில், பிள்ளைகள் கீழே. தண்ணீரைக் கண்டு பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஓட்டத்தில் ராக்காயியின் இளைய மகள் செல்லாயி இடறி விழுந்தாள். ஐந்து வயது. மூன்றாம் நாள் கீழ்ப்பாலத்தடியில் கிடைத்தாள். அதன் பிறகு தோட்டத்து ஆட்கள் கூடிப் பேசி ஒரு முடிவு செய்தார்கள். விடியலில் எழுப்புவதற்குத் தண்டவாளத் துண்டு போதும். தப்பு இனிமேல் ஒன்றே ஒன்றுக்குத்தான், ஆறு ஏறினால் அடிக்க. ஆற்றுக்கு மிகப் பக்கம் பள்ளிக்கூடம் என்பதால் அது அங்கேயே தொங்கும், முதலில் தண்ணீரைக் காண்பவர் யாரானாலும் எடுத்து அடிக்கலாம். பிள்ளைகள் ஓடக் கூடாது, கைகோத்து அடிக்கு அடி நடக்கவேண்டும். வாய் திறக்கக் கூடாது, கொட்டு காதில் விழவேண்டும். அந்த நடையைப் பழக்கியவர் பிச்சைமுத்து.

“பாட்டாம் பாட்டு,” என்றாள் ராக்காயி. அவளுக்கு மூச்சு வாங்கியது. “வெட்டுன பாலு பூரா மண்ணுல. அது போவட்டும்லா. நாளைக்கு நெசமாத் தண்ணி வந்து கொட்டு அடிச்சா, அந்தப் படிச்ச பொண்ணு பாட்டுச் சொல்லிக் குடுக்குதுன்னு எல்லாரும் மரத்தடியில நிப்பாங்களே, அப்ப யாரு வருவா? உன் டோ ரேவா வரும்?”



தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மோட்டார்சைக்கிளில் வந்தார். கிராணி குடையோடு பின்னால் ஓடிவந்தார். யார் அடித்தது என்று துரை கேட்க, கிராணி அதைத் தமிழில் கேட்டார். பிச்சைமுத்து உடனே முன்னால் வந்தார்.

“நாந்தாங்க அடிச்சேன். தோலு நமுத்துருச்சான்னு தட்டிப் பாத்தேன்.”

“காட்டுலருந்து எல்லாருக்கும் முன்னால ஓடியாந்தவன் நீ,” என்றார் கிராணி. “எந்தக் கையால தட்டுன? நீ இங்க வரும்போது அது ஒன் மக தோள்ல கிடந்துச்சு.”

கூட்டத்தில் இரண்டு பேர் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார்கள். பிச்சைமுத்து சிரிக்கவில்லை. இன்னொரு பொய்யைத் தேடி அவர் வாய் அசைந்தது. அதைப் பார்க்க இருளாயியால் முடியவில்லை. பரீட்சை பார்க்க வந்தவர் பத்தடி தள்ளி, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறார். வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒருவேளை அந்தத் தாள் பிழைக்கும்.

“நான் அடிச்சேன்,” என்றாள். பிறகு துரைக்குப் புரியும்படி ஆங்கிலத்திலும் சொன்னாள். “எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் கொட்டு எதுக்குன்னு எனக்கும் தெரியாது. காளியம்மா வேணாம்னு சொன்னா. நான் கேக்கல.”

துரை கோபத்தில் தப்பை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கச் சொன்னார். கிராணி கை நீட்டினார். ராக்காயிதான் குறுக்கே வந்து நின்றாள். தண்ணீர் என்ன ஆபீசில் வந்து சாவி கேட்டு வாங்கிக்கொண்டா வரும் என்று அவள் கேட்டதைக் கிராணி மொழிபெயர்க்கத் துணியவில்லை. ஆனால் நனைந்த ஆட்கள் ஒருவரும் அசையாமல் நின்ற விதம் துரைக்குப் புரிந்திருக்கவேண்டும். அன்று எல்லோருக்கும் அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். தப்பு மறுபடியும் அதே ஆணிக்குப் போனது.

பிள்ளைகள் இன்னும் மேட்டில் நின்றார்கள். இறங்கச் சொல்லும் அடியை அடிக்காமல் இறங்கமாட்டார்கள். பிச்சைமுத்து ஏறிப்போய் ஒவ்வொருவரின் தலையையும் தொட்டு, கூட்டிக்கொண்டு வந்தார்.

திரும்பும் ரயில் தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டியது. மாஸ்டர் நோட்டைத் திறந்தார்.

“அந்தப் பிள்ளையளை நல்லாய்த் தெரியும் எண்டு சொன்னீர். நான் எழுதி வைச்சிருக்கிறன்.”

“ஆமா சார்.”

“தாளத்துக்கு ஒன்பது போட்டிட்டன். ஆக்கள் ஓடி வாறதுக்கு முன்னமே போட்டது. மையாலை எழுதினதை நான் வெட்டிறதில்லை. ஆனால் அந்த ஒன்பதும் உம்முடைய தகப்பனுக்குச் சேரவேண்டியது. அவர் என்ரை பட்டியலிலை இல்லை.”

சுருதிக்கு எட்டு. தாளத்துக்கு ஒன்பது. பிள்ளைகளை அறிதலுக்கு இரண்டு. கூட்டினால் பத்தொன்பது, தேறும் கணக்கு. ஆனால் இரண்டு என்பது நான்குக்குக் குறைவு. அறிவிப்புப் பலகையில் சந்திரமதி பெயருக்கு நேரே தேர்ச்சி என்றும், இருளாயி பெயருக்கு நேரே நிறுத்திவைப்பு என்றும் வந்தது. கீழே மாஸ்டரின் குறிப்பு: அதே பள்ளிக்கூடத்தில், அதே பிள்ளைகளுக்கு, ஆறு மாதம் பாடம் நடத்தியபின் மறுபரீட்சை.

சந்திரமதி அன்று கேலி செய்யவில்லை. தன் வீட்டில் இடம் இருக்கிறது, தையல் வேலைக்குப் போகலாம் என்றாள். இருளாயி ஒரு வாரம் யோசித்தாள். எதற்குப் பயந்து பத்து வருஷம் படித்தாளோ அங்கேயே பெட்டியோடு போய் இறங்கவேண்டும். அதுவும் அரைப்பேர் இழந்த ஆட்களின் நடுவில். டிசம்பர் முதல் வாரம் போய் இறங்கினாள்.

*

முதல் நாள் அவள் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மாலை, ஆட்கள் குளித்து முடித்த நேரத்தில், ராக்காயியின் லயத்து வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்று ராக்காயி சொல்லவில்லை. அப்பா தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றதைப்போல அவளும் நின்றாள்.

“அக்கா, இந்தத் தோட்டத்துல எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

ராக்காயி வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, முறத்தை நிறுத்தாமலே சொல்லத் தொடங்கினாள். தண்டவாளம் எத்தனை தரம், ஆலைச் சங்கு எத்தனை தரம், பால் எடுக்கச் சொல்வது எது, பேய்மழைக்கு முன் திரும்பச் சொல்வது எது, ஒரு லயத்தில் சாவு விழுந்தால் தகரத்தை எப்படித் தட்டுவார்கள். இடையில் செல்லாயியின் பெயர் வந்தபோது மட்டும் முறம் நின்றது. இருளாயி எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, தானாகவே ஒரு வாக்குக் கொடுத்தாள். என் வகுப்பில் இனிமேல் எதையும் தட்டமாட்டேன். கொட்டு மட்டுமல்ல, மேசை இல்லை, குச்சி இல்லை, கைகூட இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அடிச் சத்தம் கேட்டால் அது தண்ணீர் மட்டும்தான்.

மறுநாள் காளியம்மா வந்தாள். பின்னால் ஏழு பேர். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

தட்டாமல் தாளம் சொல்லிக் கொடுப்பது லேசில்லை. மூச்சில் பழக்கினாள், தலை அசைவில் பழக்கினாள், கடைசியில் வாசல் மணலில் வெறுங்காலால் சத்தமில்லாமல் நடக்கவைத்தாள். அந்த நடை மட்டும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வெள்ளத்து நடை ஆகிவிடாமல், மூன்று எண்ணிக்கை, ஆறு எண்ணிக்கை என்று மாற்றி மாற்றிப் பழக்கினாள். சில வாரங்கள் ஒன்றுமே ஒட்டவில்லை. பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். ஆறு மாதத்தில் நான்கு வரியை ஏறக்குறைய ஒன்றாகப் பாடினார்கள். ஏறக்குறைய, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் மாஸ்டர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சுருதியைக் கேட்டார். பிறகு, பாடத்திட்டத்தில் உள்ளபடி பிள்ளைகள் கைதட்டித் தாளம் காட்டவேண்டும் என்றார்.

இருளாயி வெளியே பார்த்தாள். பாதிச் சுவருக்கு அப்பால் மரங்கள். மரங்களுக்கு உள்ளே ஆட்கள். பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். காளியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கைதட்ட மாட்டோம் சார்,” என்றாள் இருளாயி.

“பரீட்சையிலை உள்ளது, பிள்ளை. தட்டாட்டி மதிப்பெண் குறையும். அஞ்சுக்கு மேலை என்னாலை போட ஏலாது.”

“குறையட்டும் சார். இங்க தட்டுனா காட்டுல இருக்கறவங்க தலை நிமிந்து பாப்பாங்க. ஒரு தரம் சும்மா நிமிந்தா, அடுத்த தரம் நிமிர மாட்டாங்க.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆணியில் தொங்கிய கொட்டைப் பார்த்தார். சரி, உம்முடைய வழியில் காட்டும் என்றார். பிள்ளைகள் மணலில் நடந்து பாடினார்கள். இரண்டு இடத்தில் பிசகினார்கள். அவர் தாளத்துக்கு ஐந்து போட்டார், ஒன்றுகூடக் கூட்டவில்லை. சுருதிக்கு எட்டு. மூன்றாவது தலைப்பான பிள்ளைகளை அறிதலுக்கு நேரே போட்ட எண்ணை அவர் கையால் மறைக்கவில்லை. ஒன்பது.

அடுத்த மாதம் இருளாயி ஈப்போ மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சரானாள். தோட்டத்திலேயே இருந்துவிடுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் இருக்கவில்லை. அவள் விரும்பிய வேலை ஈப்போவில்தான் இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. வண்டி ஏறும்போது காளியம்மா அழுதாள். ராக்காயி அழவில்லை, ஒரு பொட்டலம் அவல் கொடுத்தாள்.

பிச்சைமுத்து இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மரத்தடியில் நிற்கத்தான் பார்க்கிறார். மகள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மற்ற டீச்சர்கள் இருக்கும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறாள். காப்பி ஆறுவதற்கு முன்னால் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“கொட்டு இன்னும் அதே ஆணியிலதான இருக்கு? இந்த மாசம் ஏதாச்சும் மாத்துனாங்களாப்பா?”

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பிப்பார். புதுத்தோல் கதைக்கு வரும்போது குரல் தானாகவே உயர்ந்துவிடும்.